மழைக்காலத்தில் பூக்கள் பள்ளத்தாக்கு: கேமராவோடு நடக்க எந்த மாதிரி பை?

தும்பைப்பூ கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் உத்தராகண்ட் பூக்கள் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். கோவையிலிருந்து டெல்லி வழியாக டேராடூன் வரை விமானம், பிறகு கோவிந்த்காட், புல்னா வரை வண்டி, அங்கிருந்து காங்கரியாவுக்கு நடை. லாட்ஜில்தான் தங்கல், கூடாரம் கிடையாது. பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி இல்லை என்பதால் தினமும் காங்கரியாவிலிருந்து போய்த் திரும்ப வேண்டும். ஒரு நாள் ஹேம்குண்ட் சாகிப் குருத்வாரா.

கொண்டுபோவது: நிக்கான் இசட்6 டூ கேமரா, மூன்று லென்ஸ் (24-120 எஃப்/4, அகலமான காட்சிக்கு 14-30 எஃப்/4, பூவை நெருங்கி எடுக்க 105 மேக்ரோ), உபரி பேட்டரி இரண்டு, 1.3 கிலோ ட்ரைபாட். இப்போது என்னிடம் இருப்பது ஊருக்குள் எடுத்துப் போகும் 20 லிட்டர் கேமரா பை. இடுப்பில் கட்ட ஒரு மெல்லிய நாடா மட்டும் உண்டு.

35, 40 லிட்டரில் கேமரா பேக்பேக் ஒன்றே வாங்கிவிடலாமா, இல்லை சாதாரண மலையேற்றப் பைக்குள் கேமரா இன்சர்ட் (கேமரா, லென்ஸ் வைக்கத் தடுப்புகள் உள்ள பஞ்சுப் பெட்டி) வைப்பது மேலா? முதுகுப் பக்கம் ஜிப் திறக்கும் பை நல்லது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், உண்மையா? ரெயின் கவர் போதுமா? என் உயரம் 155 செ.மீ., எடை 54 கிலோ.

அடிவாரம்:

லிட்டர் கணக்கு அப்புறம். முதலில் முதுகு நீளம் தெரிய வேண்டும், தோழி.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அளவு அங்கே தொடங்கும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே கோடு இழுத்தால் அது முதுகெலும்பைத் தொடும் இடத்தில் அளவு முடியும். முதுகின் வளைவோடு ஒட்டியே டேப் போக வேண்டும், வேறொருவர்தான் அளக்க வேண்டும்.

உங்கள் உயரத்துக்கு 40 செ.மீ.யை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். கேமரா பைகளில் பெரும்பாலானவை ஒரே நீளத்தில் தைக்கப்பட்டவை. முதுகைவிட நீளமான பையை மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். தோள் வார் சரியாக உட்கார்ந்தால் இடுப்பு பெல்ட் எலும்புக்குக் கீழே இறங்கி, படியேறும்போது தொடையை இடிக்கும். பெல்ட்டைச் சரியான இடத்தில் கட்டினால் தோள் வார் தோளைத் தொடாமல் மேலே அந்தரத்தில் நிற்கும், பை பின்னால் சாயும். சாய்ந்த பையை இழுத்துப் பிடிக்க உடம்பு முன்னால் வளையும். மறுநாள் கழுத்து வலிக்க இதுதான் காரணம். பஞ்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதைச் சரிக்கட்டாது.

எடையைக் கூட்டிப் பார்ப்போம். கேமரா பாடி மட்டும் (லென்ஸ் இல்லாமல்) பேட்டரி, கார்டோடு 705 கிராம், 24-120 எடை 630, 14-30 எடை 485, 105 மேக்ரோ 630. ஆக 2,450 கிராம். உபரி பேட்டரி, ஃபில்டர், சார்ஜர் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 2.8 கிலோ. ட்ரைபாட் 1.3, தண்ணீர் 1.5, மழைச் சட்டையும் பேண்ட்டும் 0.7, மாற்று உடை 3, தின்பண்டம் அரைக் கிலோ. இதுவே 9.8 கிலோ. பை வெறுமையாக, இன்சர்ட்டோடு 2.3 கிலோ என்று வைத்தால் 12 கிலோவைத் தாண்டுகிறது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற பொது அளவுகோலின்படி உங்களுக்கு 11 கிலோதான் மேல்வரம்பு. இந்த எடையை வெறும் தோளில் தொங்கவிட்டு அந்த ஏற்றத்தில் ஏறுவது வதை. எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். அதற்குப் பைக்குள் கம்பியோ தகடோ கொண்ட ஃபிரேம் வேண்டும், வளையாத பெல்ட் வேண்டும், முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியும் வேண்டும்.

கேமரா பைகளில் இந்த ஏற்றி இறக்கும் வசதி ஷிமோடாவில் உண்டு, பெண்களுக்கான தோள் வாரும் தனியாகக் கிடைக்கும். பீக் டிசைன் டிராவல் பை போன்றவை விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் அருமையானவை, ஆனால் 12 கிலோவோடு மலையேறுவதற்கு வடிவமைத்தவை அல்ல. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக, முதுகு நீளம் மாற்றத்தக்க 40 லிட்டர் மலையேற்றப் பை கிடைக்கும். என் பரிந்துரை அதுவும் ஒரு இன்சர்ட்டும்.

கடைக்குப் போகும்போது இன்சர்ட்டைக் கேமராவோடு எடுத்துப் போங்கள். மீதி எடைக்குத் தண்ணீர் பாட்டில் வையுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டி, பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் படியும்படி முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள் வார், அதன்பின் தோளுக்கு மேலே பையை முன்னால் இழுக்கும் சின்ன வார், கடைசியாக மார்பு வார். இந்த வரிசை மாறினால் எடை தோளிலேயே தங்கிவிடும். சரிபார்க்க ஒரு வழி: தோள் வாரை ஒரு விரல் தளர்த்துங்கள். பை கீழே சரியாமல் இடுப்பிலேயே நின்றால் பொருத்தம் சரி. அப்படியே மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

ஒளிப்பெட்டி:

அடிவாரம் அண்ணன் சொன்ன முதுகுக் கணக்கு அத்தனையும் சரி. ஆனா ட்ரெக்கிங் பைன்னு பொதுவா சொல்லிட்டா, அவங்க மேல் வாய் மட்டும் திறக்கிற பையை வாங்கிட்டு வந்துடுவாங்க. படம் எடுக்கிறவங்களுக்கு அது ஒத்துவராது. லென்ஸ் மாத்த ஒவ்வொரு தடவையும் ஜாக்கெட், சாப்பாடு எல்லாத்தையும் வெளியில எடுக்கணும். மழையில அதைச் செய்ய யாருக்கும் மனசு வராது, மேக்ரோ கடைசிவரை உள்ளேயே கிடக்கும். முன்பக்கம் முழுசா ‘யு’ வடிவத்துல ஜிப் திறக்கிற மாடலாப் பாருங்க. டெகாத்லான் ஃபோர்க்ளாஸ்லயும் ஆஸ்ப்ரேலயும் அந்த மாதிரி இருக்கு.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. முதுகுல காத்து போகணும்னு வலையை இழுத்துக் கட்டி, பையோட முதுகை உள்பக்கமா வளைச்ச மாடல்கள் உண்டு. வேர்வைக்கு ரொம்ப நல்லது. ஆனா உள்ளே வில் மாதிரி வளைஞ்சிருக்கும், சதுரமான இன்சர்ட் அதுல ஒட்டி உட்காராது. மூலையில ஆடும், எடையும் முதுகை விட்டு நாலஞ்சு சென்டிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். உங்களுக்குத் தட்டையான முதுகு உள்ள பைதான் சரி.

இன்சர்ட் அளவு: உங்க பாடி 13.4 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். 24-120 மாட்டியபடி படுக்க வெச்சா நீளம் 19 செ.மீ. பக்கத்துல 105 மேக்ரோ (14 செ.மீ. நீளம், 8.5 விட்டம்), அதுக்கு நேர் கீழே 14-30 (8.5 நீளம், 8.9 விட்டம்). டிவைடர் தடிமன் சேர்த்து உள்அளவு 25 × 24 × 12 செ.மீ. இருந்தா போதும். வெறும் ஏழு லிட்டர் சொச்சம்தான். பஞ்சுச் சுவரையும் சேர்த்தா வெளியளவு 11 லிட்டர் வரும். அதனால 40 லிட்டர் பையில 29 லிட்டர்தான் உங்களுக்கு மிச்சம். கேமரா பைன்னு பேர் போட்டு 35 லிட்டர்னு எழுதியிருந்தாலும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்க. இன்சர்ட்டுக்குத் தனி ஜிப் மூடியும் வார் மாட்ட வளையமும் கட்டாயம் வேணும். மூடியில்லாத வகை மலிவு, ஆனா பையில இருந்து வெளியே எடுத்துட்டா அதை வெச்சு எதுவும் பண்ண முடியாது.

பையில எங்க வைக்கிறது? கீழே மாற்று உடை, அதுக்கு மேல நடு முதுகை ஒட்டி இன்சர்ட், உச்சியில மழைச் சட்டை. இன்சர்ட்டை உச்சியில வெச்சா எடுக்க லேசு, ஆனா குனியும்போது எடை தலைக்கு மேல வந்து தள்ளும், இறக்கத்துல ஆபத்து. அடியில வெச்சா பையைத் தரையில பொத்துனு வைக்கும்போது லென்ஸுக்கு அடி.

நடக்கும்போது கேமரா வெளியில இருக்கணும், பையை எவ்வளவு நல்லதா வாங்கினாலும் சரி. கேமராவைத் தொங்கவிட தோள் வார்ல திருகி மாட்டுற உலோக கிளிப் எல்லாரும் வாங்குறாங்க. உங்க பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன். 1.3 கிலோ கேமரா ஒரு பக்கத் தோள்லயே தொங்கும், குனிஞ்சா லென்ஸ் பாறையில இடிக்கும், மழையில முழுசா நனையும். தடிமனான தோள் வார்ல கிளிப்போட திருகு எட்டாது, நீளத் திருகு தனியா வாங்கணும். அதுக்குப் பதிலா ஜிப் மூடியுள்ள சின்ன மார்புப் பை ஒண்ணு, பாடியும் 24-120ம் மட்டும் பிடிக்கிற அளவு. ரெண்டு தோள் வார்லயும் இருக்கிற வளையத்துல சின்னக் கராபினர் (திறந்து மூடுற கொக்கி வளையம்) போட்டு மாட்டிடுங்க. பையோட அடி விலா எலும்புக்கு மேலேயே நிக்கணும். அதுக்குக் கீழே இறங்கினா உங்க காலடி உங்களுக்கே தெரியாது. கோவேறு கழுதைகள் போற கல் பாதை அது, சாணி கலந்து வழுக்கும்.

14-30ஐ வீட்டிலேயே வெச்சுட்டுப் போகலாம்ங்கிறது என் கருத்து. அந்த ஊருக்கு 24-120ல கிடைக்கிற 24 மி.மீ. அகலமே போதும், அரைக் கிலோ குறையும்.

தும்பைப்பூ:

இருவருக்கும் நன்றி. அளந்தோம், முதுகு நீளம் 41. கடையில் பார்த்து வைத்திருந்த கேமரா பையின் முதுகுப் பகுதி 46, மாற்ற முடியாது. அதை விட்டுவிட்டேன். 14-30 விஷயத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை, புல்வெளிக்குள் உட்கார்ந்து பூவையும் சிகரத்தையும் சேர்த்து எடுக்க ஆசை. மழை பற்றி யாராவது சொல்லுங்கள். முதுகுப் பக்கம் ஜிப் பற்றியும்.

கித்தான்:

முதுகுப் பக்க ஜிப்பின் நன்மை நிஜமானது. பையைத் தரையில் போட்டுத் திறக்கும்போது முன்பக்கம்தான் சேற்றில் படும், தோள் வாரும் முதுகுப் பஞ்சும் மேலே இருக்கும். பெல்ட்டை அவிழ்க்காமலே பையை முன்னால் சுற்றிக் கொண்டுவந்து திறக்கவும் முடியும். ரயில் நிலையக் கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் ஜிப்பில் கை வைக்க முடியாது. எஃப்-ஸ்டாப் பைகள் பெயர் வாங்கியது இதனால்தான்.

மழையில் நிலைமை வேறு. ரெயின் கவர் மூடாத ஒரே பக்கம் முதுகுப் பக்கம். தலையிலும் கழுத்திலும் விழும் தண்ணீர் உங்கள் முதுகுக்கும் பைக்கும் நடுவே வழிந்து நேராக அந்த ஜிப்பில் இறங்கும். முதுகுப் பஞ்சு அதை உறிஞ்சி மணிக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். அந்தப் பஞ்சுக்கு அடுத்து உள்ளே இருப்பது உங்கள் லென்ஸ். தொடர் மழைக்கு முன்பக்கம் திறக்கும் பையே மேல், தோள் வாரில் கொஞ்சம் சேறு ஒட்டினால் பரவாயில்லை. அதைத் தவிர்க்கவும் வழி உண்டு: அரை மீட்டர் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை மடித்து வெளிப்பையில் வைத்துக்கொண்டு அதன்மேல் பையைப் போட்டுத் திறக்கலாம்.

ரெயின் கவரை முதல் அடுக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பையோடு கட்டும் கொக்கியோ நாடாவோ இருக்கிறதா (எலாஸ்டிக்கை மட்டும் நம்பினால் காற்று தூக்கிக்கொண்டு போகும்). அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா. ட்ரைபாட் பக்கவாட்டில் கட்டியபின்னும் முழுப் பையையும் மூடுகிறதா. அடியில் ஓட்டை இல்லாத கவரில் வழிந்த தண்ணீர் கோப்பை போலத் தேங்கி, பையின் அடித்துணி அதில் ஊறிக்கொண்டே இருக்கும்.

உண்மையான காப்பு பைக்குள்ளே இருக்க வேண்டும். இன்சர்ட் முழுவதும் நுழையும் 15 லிட்டர் ட்ரை பேக் (வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை) ஒன்று வாங்குங்கள். வாயிலிருந்து காற்றை வெளியேற்றி, குறைந்தது மூன்று சுற்று சுருட்டி, பிறகு பக்கிளைப் போடுங்கள். இரண்டு சுற்றில் நிறுத்தினால் ஓரத்தில் கசியும். உடைகளுக்குத் தடிமனான குப்பைப் பை போதும். ட்ரை பேக் வந்துவிட்டால் லென்ஸ் எடுக்க இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். லென்ஸ் மாற்றும்போது குடை பிடிக்க ஓர் ஆள் இருந்தால் பாதித் தலைவலி தீரும். மடக்குக் குடையை மறக்க வேண்டாம்.

துணி: 210 டினியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நைலான் எடை குறைவு, உங்கள் உபயோகத்துக்குப் போதும். அடிப்பகுதி மட்டும் 420 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், கல்லில் தேய்வது அங்கேதான். தையலைப் பார்க்க வேண்டிய இடங்கள் தோள் வார் பையில் சேரும் மேல்முனை, கைப்பிடியின் இரு முனைகள், பெல்ட் சேரும் மூலை. அங்கெல்லாம் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஒற்றை நேர்த்தையல் மட்டும் இருந்தால் வேண்டாம்.

ஜிப் ரன்னரின் (இழுக்கும்போது பல்லின் மேல் ஓடும் துண்டு) பின்புறம் எண் பொறித்திருக்கும். பெரிய திறப்புக்கு 8 அல்லது 10, சின்னப் பாக்கெட்டுக்கு 5. பெரிய திறப்பிலேயே 5 போட்டிருந்தால் நிரம்பிய பையில் பல் விலகும். தண்ணீர் புகாது என்று விற்கும் பளபளப்பான ஜிப் தூறலைத் தாங்கும், கனமழையைத் தாங்காது. மேலே ஒட்டிய படலம் திரும்பத் திரும்ப வளையும் மூலைகளில்தான் முதலில் வெடிக்கும். ஜிப் மூடிய பிறகும் பின்னால் வாய் பிளந்தால் பல் போகவில்லை, ரன்னர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். குறட்டால் ரன்னரின் இரு பின்ஓரங்களையும் மெதுவாக, சமமாக அழுத்தினால் பயணம் முடியும் வரை ஓடும். ஊருக்கு வந்ததும் பை தைக்கும் கடையில் அதே எண்ணில் ரன்னர் மாற்றிக்கொள்ளலாம்.

பெல்ட் பக்கிள் உடைந்தால் எடை முழுவதும் தோளுக்கு வந்துவிடும். அதே அகலத்தில் உபரி பக்கிள் ஒன்று, தையல் பிரிக்காமலே நாடாவை நுழைக்கும் பிளவு கொண்ட வகை, பத்திருபது கிராம்தான். நாடாவின் அகலத்தை அளந்து வாங்குங்கள், கண்ணளவில் 20க்கும் 25 மி.மீ.க்கும் வித்தியாசம் தெரியாது.

அடிவாரம்:

விமானத்துக்கு. இண்டிகோவில் கேபின் பை 7 கிலோ, 55 × 35 × 25 செ.மீ. அதோடு சின்னக் கைப்பை ஒன்று 3 கிலோ வரை. மலையேற்றப் பை பெரும்பாலும் 60 செ.மீ.க்கு மேல் இருக்கும், அதைக் கேபினுக்குக் கொண்டுபோக முயல வேண்டாம். இன்சர்ட்டை உருவி எடுத்து வார் மாட்டித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், மூடியும் வளையமும் அவசியம் என்று ஒளிப்பெட்டி சொன்னது இங்கேயும் உதவும். காலிப் பை, உடை, ட்ரைபாட் எல்லாம் செக்-இன். செக்-இன் செய்யும் முன் எல்லா வாரையும் உள்ளே மடித்து ரெயின் கவரை வார்கள் உள்ள முதுகுப் பக்கத்தை மூடும்படி திருப்பிப் போட்டுக் கட்டுங்கள். கன்வேயர் பெல்ட்டில் வார் சிக்கினால் பக்கிள் அங்கேயே போய்விடும்.

உபரி பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கேபினில்தான் வர வேண்டும், செக்-இன்னில் கூடாது. உங்கள் பேட்டரி ஒன்று 16 வாட்-அவர், 20,000 மில்லியாம்ப்-அவர் பவர் பேங்க் 74. இரண்டும் 100 வரம்புக்குள்தான். பேட்டரி முனைகளுக்கு மூடி போடுங்கள். சிறிய ஏடிஆர் விமானமாக இருந்தால் தலைக்கு மேல் இடம் குறைவு, பையை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் பேட்டரிகளை வெளியே எடுக்கத் தோதாக ஒரே உறையில் வைத்திருங்கள்.

புல்னாவில் கூலியாட்களும் கோவேறு கழுதைகளும் கிடைக்கும். காங்கரியா ஏற்றத்துக்கு உடைப் பையையும் ட்ரைபாடையும் கொடுத்துவிடலாம், கேமராவைக் கழுதையில் ஏற்ற வேண்டாம். கட்டும் கயிறு பையை அழுத்தும், பாறைச் சுவரில் உரசும், மழையில் மூட்டை முழுதும் ஊறும். ஆகவே ட்ரைபாட், உடை, பாதித் தண்ணீர் கழித்து உங்கள் முதுகில் ஏறக்குறைய 7 கிலோதான் வரும். காங்கரியாவிலிருந்து பகல் நடைக்கும் அதே பையின் பக்க வார்களை இறுக்கிச் சுருக்கினால் போதும், தனியாக இன்னொரு பை தேவையில்லை. சுருக்காமல் விட்டால் பாதி காலியான பைக்குள் இன்சர்ட் ஊசலாடும்.

14-30 கொண்டுபோகட்டுமே. புல்வெளியில் அப்படி ஒரு படம்தான் ஆசை என்றால் அரைக் கிலோ பெரிதல்ல. ஹேம்குண்ட் போகும் நாள் மட்டும் மேக்ரோவை அறையில் விடலாமா என்றால் அதுவும் கூடாது. பிரம்மகமலமும் நீலப் பாப்பியும் அந்த ஏற்றத்தில்தான். அன்றைக்கு விட வேண்டியது ட்ரைபாட்.

ட்ரைபாட் கட்டும்போது தலைப்பகுதி மேலே, கால்கள் பக்கப் பாக்கெட்டுக்குள். எதிர்ப் பக்கம் ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் எடை ஓரளவு சமமாகும். தண்ணீரைக் குடித்து முடிக்கும்போது பை ட்ரைபாட் பக்கம் சாயத் தொடங்கும், அப்போது அந்தப் பக்கத் தோள் வாரை ஒரு விரல் இறுக்கினால் சரியாகும்.

ஒளிப்பெட்டி:

சரி, ஹேம்குண்ட் பூக்களுக்காக மேக்ரோ வரட்டும், 14-30 விஷயத்துல நான் விட்டுக்கொடுத்துட்டேன்.

ஈரத்தைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. குளிர்ல நடந்துட்டு டீக்கடை அடுப்புப் பக்கத்துல போய் உட்கார்ந்ததும் கேமராவை வெளியில எடுக்காதீங்க, கண்ணாடி மேல ஆவி படிஞ்சுடும். வெளியிலயே ட்ரை பேக்கை மூடிட்டு உள்ளே போங்க, அறைச் சூடு கேமராவுக்கு ஏறுற வரைக்கும் மூடியே இருக்கட்டும். ராத்திரி மட்டும் நேர்மாறு. ஈர இன்சர்ட்டை மூடி வெச்சா உள்ளேயே புழுங்கும். லென்ஸை எடுத்துத் துடைச்சு, காய்ஞ்ச டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வெச்சுட்டு, இன்சர்ட்டைத் திறந்து தொங்க விடுங்க. காங்கரியாவுல மின்சாரத்தை நம்பி ஹேர் டிரையர் எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

கித்தான்:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் பையை வெந்நீரிலோ வாஷிங் மெஷினிலோ போட வேண்டாம். குளிர்ந்த நீர், கொஞ்சம் மிதமான சோப்பு, மென்மையான பிரஷ், நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். தண்ணீர் புகாமலிருக்கத் துணியின் உட்பக்கம் பூசிய பாலியூரித்தேன் படலம் ஈரத்தில் மடித்துப் பூட்டி வைத்தால் சிதையும். முதலில் புளித்த வாடை, பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் வெள்ளைச் செதிலாக உதிர்ந்து லென்ஸ் மேலேயே ஒட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சீக்கிரமே நடக்கும், மறுபூச்சு எதுவும் நீடிக்காது. பழைய பை யாரிடமாவது வாங்குவதாக இருந்தாலும் முதலில் உள்ளே மோந்து பார்த்து, மூலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.